இரவு இரண்டு மணிக்கு மருத்துவமனை யார் கையில்?

மருத்துவப் பெருமக்களே, செவிலியர் கல்லூரியிலிருந்து வந்திருக்கும் மாணவிகளே, கடைசி வரிசையில் சீருடையோடு உட்கார்ந்திருக்கும் வயர்மேன், பிளம்பர், காவலர், துப்புரவுப் பணியாளர் தோழர்களே!

நான் மருத்துவன் அல்ல. மருந்து, ஊசி, அறுவை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மருத்துவமனைகளில் மோட்டார், ஜெனரேட்டர், குழாய், கம்பி இவற்றோடு காலம் தள்ளியவன். ஆகவே இன்று என் பேச்சில் நோயைக் குணப்படுத்துவது பற்றி ஒரு வார்த்தையும் வராது. குணமாக வேண்டும் என்று நம்பி வந்தவரை நம் கட்டடம் கொன்றுவிடாமல் பார்த்துக்கொள்வது எப்படி? இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

கட்டடம் கொல்லுமா என்று கேட்பீர்கள். கொல்லும். கொன்றிருக்கிறது. மருத்துவமனைகளில் தீப்பிடித்த சில தேதிகளைச் சொல்கிறேன். ஊரைக் கேளுங்கள், ஊரைவிட முக்கியமாக, நேரத்தைக் கவனியுங்கள்.

2011 டிசம்பர் 9, கொல்கத்தா, ஆம்ரி மருத்துவமனை. விடியற்காலை மூன்றரை மணி வாக்கில். 2020 ஆகஸ்ட் 6, அகமதாபாத், கொரோனா நோயாளிகள் இருந்த மருத்துவமனை. அதுவும் விடியற்காலை. 2021 ஜனவரி 9, மகாராஷ்டிரத்தின் பண்டாரா, பச்சைக் குழந்தைகள் வார்டு. நள்ளிரவு தாண்டி. அதே ஆண்டு ஏப்ரல் 23, மும்பையை அடுத்த விரார், தீவிர சிகிச்சைப் பிரிவு. மூன்று மணி தாண்டி. ஒரு வாரம் கழித்து மே 1, குஜராத்தின் பரூச். நள்ளிரவு தாண்டி. 2024 நவம்பர் 15, ஜான்சி, மறுபடியும் பச்சைக் குழந்தைகள் வார்டு. இரவு பத்தரை மணிக்கு மேல். அடுத்த மாதமே, டிசம்பர் 12, நம் திண்டுக்கல். இரவு ஒன்பதரை மணி வாக்கில்.

இரவு, இரவு, இரவு. ஏன் இப்படி? மின்கசிவுக்கு நாள் நட்சத்திரம் தெரியுமா? தெரியாது. பகலிலும் ஒயர் கருகத்தான் செய்கிறது. பகலில் யாராவது ஒருவர் மூக்கில் அந்த நாற்றம் ஏறிவிடுகிறது. ஓடிவர ஆள் இருக்கிறது. சாவி வைத்திருப்பவர் இருக்கிறார். முடிவெடுக்கும் அதிகாரி அறையில் இருக்கிறார். 2022 ஏப்ரல் 27 அன்று சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் பழைய அறுவை சிகிச்சைக் கட்டடத்தில் தீப்பிடித்தது, நினைவிருக்கிறதா? பகல் நேரம். நோயாளிகளை வெளியே கொண்டுவந்தார்கள், ஆக்சிஜன் சிலிண்டர்களை அப்புறப்படுத்தினார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. அதே தீ இரவு இரண்டு மணிக்கு வந்திருந்தால்? நினைத்துப் பாருங்கள்.

இரவு இரண்டு மணிக்கு ஒரு மருத்துவமனை யார் கையில் இருக்கிறது? டீன் கையிலா? நிர்வாக இயக்குநர் கையிலா? இல்லை. வார்டில் ஒரு சிஸ்டர், ஓர் ஆயா, வாசலில் ஒரு காவலர், கீழே எங்கோ ஒரு வயர்மேன். அவ்வளவுதான். பல கோடி ரூபாய்க் கட்டடமும் நூற்றுக்கணக்கான உயிர்களும் அந்த நாலு பேர் கையில் இருக்கின்றன. அந்த நாலு பேருக்கு நாம் என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? என்ன அதிகாரம் கொடுத்திருக்கிறோம்? என்னுடைய பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

கொல்கத்தாவுக்குப் போவோம். அந்தக் கட்டடத்தின் அடித்தளம், வரைபடத்தின்படி வண்டி நிறுத்துமிடம். நடைமுறையில் கிடங்கு. மெத்தை, பஞ்சு, மரச்சாமான், ரசாயனம் எல்லாம் அங்கேதான். அதைக் காலி செய்யுங்கள் என்று தீயணைப்புத் துறை சில மாதங்களுக்கு முன்பே சொல்லியிருந்தது. தீ பிடித்தது அந்தக் கிடங்கில். நோயாளிகள் இருந்ததோ மேல்மாடிகளில். தீ அவர்களைத் தொடவே இல்லை. பிறகு எப்படி 90 பேருக்கு மேல் இறந்தார்கள்?

புகை. ஏசி குழாய்கள் வழியாக, படிக்கட்டு வழியாகப் புகை மேலே ஏறியது. கட்டடத்தின் முகப்பு முழுக்கக் கண்ணாடி; திறக்க முடியாத கண்ணாடி. மூட்டுவலிக்கும் எலும்பு முறிவுக்கும் படுத்திருந்தவர்கள், காலில் எடை கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தவர்கள், மூச்சு முட்டியே இறந்தார்கள். தீயணைப்பு வீரர்கள் வெளியிலிருந்து ஏணி வைத்துக் கண்ணாடியை உடைக்க வேண்டியிருந்தது. கேரளத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த இரண்டு இளம் செவிலியர்கள், பல நோயாளிகளை வெளியே சேர்த்துவிட்டு மறுபடி உள்ளே போனார்கள். திரும்பவில்லை.

இன்னொன்றும் அங்கே நடந்தது. பக்கத்துக் குடிசைப் பகுதி மக்கள் புகை நாற்றம் அடித்ததுமே எழுந்து ஓடிவந்திருக்கிறார்கள். வாசலில் இருந்த காவலர்கள் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு அதே மக்கள்தான் ஏறிக் குதித்து நோயாளிகளை மீட்டார்கள். காவலர்கள்மேல் கோபம் வருகிறதா? எனக்கு வரவில்லை. இரவில் வெளியாள் யாரையும் உள்ளே விடாதே என்று அவர்களுக்குச் சொல்லியிருப்பார்கள். புகை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது சொல்லியிருப்பார்களா? இங்கே பின் வரிசையில் இருக்கும் காவலர் தோழர்களைக் கேட்கிறேன்: உங்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? பதில் வேண்டாம், உங்கள் முகம் சொல்கிறது.

நண்பர்களே, சினிமா தியேட்டரில் தீ என்றால் ஜனங்கள் எழுந்து ஓடுவார்கள். மருத்துவமனையில் யார் ஓடுவது? வென்டிலேட்டரில் இருப்பவர் ஓடுவாரா? வயிற்றைத் திறந்து மேஜைமேல் கிடப்பவர் ஓடுவாரா? இன்குபேட்டரில் இருக்கும் ஒன்றரைக் கிலோ குழந்தை ஓடுமா? பண்டாராவில் அந்தப் பிரிவில் 17 குழந்தைகள் இருந்தார்கள். 7 பேரைத்தான் மீட்க முடிந்தது. ஜான்சியில் ஜன்னலை உடைத்துக் குழந்தைகளை வெளியே எடுத்தார்கள். அன்றிரவு 10 குழந்தைகள் போய்விட்டார்கள்.

ஆகவே மருத்துவமனைக்கு என்று தனி முறை உண்டு. எல்லாரையும் கீழே இறக்கித் தெருவுக்குக் கொண்டுபோவது கடைசி வழி. முதல் வழி, அதே மாடியில், தீ இருக்கும் பகுதியிலிருந்து பக்கத்துப் பகுதிக்குக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போவது. இடையில் தீ தாங்கும் கதவு இருக்க வேண்டும். இந்தப் பக்கம் இருப்பவரை அந்தப் பக்கம் தள்ளி, கதவைச் சாத்திவிட்டால், தீயணைப்பு வண்டி வரும்வரை உயிர் பிழைக்கலாம். மருத்துவமனை நடைபாதை 2.4 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித் தொகுப்பு சொல்வது இதற்காகத்தான். இரண்டு கட்டில் எதிரெதிரே போக வேண்டும். நம் நடைபாதையில் என்ன இருக்கிறது? உடைந்த சக்கர நாற்காலி. பழைய பீரோ. கண்டெம்ன் ஆகி, ஏலத்துக்குக் கையெழுத்தாகாமல் நிற்கும் எக்ஸ்ரே மெஷின். இரண்டரை மீட்டர் நடைபாதையில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற வழிதான் மிச்சம்.

தீ தாங்கும் கதவு? அது காற்றோட்டமாக இருக்கட்டும் என்று ஒரு செங்கல்லை வைத்துத் திறந்தே வைத்திருப்போம். மூடியிருக்க வேண்டிய கதவு திறந்திருக்கும்; திறந்திருக்க வேண்டிய கதவு பூட்டியிருக்கும்!

இந்தப் பூட்டைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். பின்பக்க அவசர வழியில் ஒரு சங்கிலி, ஒரு பூட்டு. எந்த ஊர் மருத்துவமனைக்குப் போனாலும் பார்க்கலாம். ஏன் பூட்டுகிறார்கள்? முட்டாள்தனமா? இல்லை. பூட்டுகிறவருக்கு நியாயமான காரணம் இருக்கிறது. அந்த வழியாகத் தெருநாய் வருகிறது. பார்வையாளர் நேரம் முடிந்த பிறகு உறவினர்கள் வருகிறார்கள். செல்போன் திருடன் வருகிறான். குழந்தை திருட்டு என்று ஒரு செய்தி வந்துவிட்டால், மறுநாளே எல்லாக் கதவுக்கும் பூட்டு. கதவைத் திறந்து வைத்து ஏதாவது களவு போனால் காவலர் வேலை போகும். பூட்டி வைத்துத் தீப்பிடித்தால்? அது என்றைக்கோ வரப்போகிற தீ. நாளைக்கு வரப்போகிற திட்டுக்குத்தான் மனிதன் பயப்படுவான். அந்தச் சாவி அவர் இடுப்பில் இருக்கிறது. அவர் மெயின் கேட்டில் இருக்கிறார். ஆம்புலன்ஸ் வந்திருக்கிறது, அவர்தான் ஸ்ட்ரெச்சர் பிடிக்கிறார். பின்பக்கம் புகை.

பூட்டாதே என்று சுற்றறிக்கை அனுப்பிப் பயனில்லை. உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற, வெளியிலிருந்து திறக்க முடியாத தள்ளுகம்பிக் கதவு ஒன்று கிடைக்கிறது. திறந்தால் மணி அடிக்கும்படி அமைக்கலாம். நாயும் வராது, திருடனும் வரமாட்டான். வரவேற்பறைக்கு இத்தாலிய மார்பிள் போடுகிற மருத்துவமனைக்கு அது ஒரு செலவா? காவலருக்கு இருக்கும் பயத்தைத் தீர்க்காமல், அவர் பூட்டைத் தீர்க்க முடியாது.

திண்டுக்கல்லுக்கு வருகிறேன். தனியார் எலும்பு முறிவு மருத்துவமனை. கீழ்த்தளத்தில் தீ. புகை மேலே. 6 பேர் இறந்தார்கள், அதில் ஒரு சிறு பெண் குழந்தை. லிப்டுக்குள் சிலர் மயங்கிக் கிடந்தார்கள். தீ என்றால் லிப்டில் ஏறக் கூடாது என்பது நமக்குத் தெரியும். நோயாளியைப் பார்க்கப் பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வந்த கிராமத்து அம்மாவுக்குத் தெரியுமா? எலும்பு முறிவு மருத்துவமனையில் படிக்கட்டு யாருக்குப் பயன்படும்? சாய்தளம் எங்கே? இந்தக் கேள்விகளைக் கட்டடம் கட்டும்போது கேட்டிருக்க வேண்டும். கட்டிய பிறகுதான் கேட்கிறோம் என்றால், தீப்பிடித்த நேரத்தில் லிப்ட் பக்கம் ஓடுகிறவர்களைத் தடுத்துத் திருப்ப ஓர் ஆளையாவது பழக்கி வைக்க வேண்டும்.

இனி ஆக்சிஜன். உயிர் கொடுப்பதும் அதுதான், எரிய வைப்பதும் அதுதான். காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். மூடிய அறையில் அது கொஞ்சம் கூடினாலே துணி பற்றும் வேகம் மாறிவிடும். போர்வை, தலையணை, தலைமுடிகூட ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு சின்னப் பொறி போதும். கொரோனா காலத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளை எண்ணிப் பாருங்கள். முகமூடியைச் சுற்றி ஆக்சிஜன் கசிந்துகொண்டே இருக்கிறது. ஜன்னல் மூடியிருக்கிறது. வீட்டுக்கு என்று செய்த ஏசி, வாரக்கணக்கில் ஓய்வில்லாமல் ஓடுகிறது. விராரில் 13 பேர் அன்றே இறந்தார்கள். பரூச்சில் 16 நோயாளிகள், 2 செவிலியர்கள். சிலிண்டர் வால்வு இறுகிவிட்டது என்று தேங்காய் எண்ணெய் விட்டுத் திறக்கிற கைகளையும் நான் பார்த்திருக்கிறேன். ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் பொறிகூடத் தேவையில்லை. இதை ஒரு தரம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தால் அந்தக் கை ஆயுசுக்கும் அப்படிச் செய்யாது.

தீயே இல்லாமலும் ஆக்சிஜன் கொல்லும். 2021 ஏப்ரல் 21, நாசிக் மாநகராட்சி மருத்துவமனை. இது பகலில் நடந்தது. வெளியே இருந்த பெரிய டாங்கில் கசிவு. வெள்ளைப் புகை போல வாயு பரவியது. குழாயில் அழுத்தம் குறைந்தது. உள்ளே வென்டிலேட்டரிலும் ஆக்சிஜனிலும் இருந்த 22 பேர் அன்று இறந்துபோனார்கள். ஒருவர் உடம்பிலும் தீக்காயம் இல்லை.

இப்போது சிஸ்டர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வார்டு நடைபாதையில் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி இருக்கும். அதற்குள் ஆக்சிஜன் குழாயின் அடைப்பு வால்வு. வார்டில் தீ என்றால் அதை மூட வேண்டும். மூடாவிட்டால் தீக்கு நாமே ஆக்சிஜன் ஊட்டிக்கொண்டிருக்கிறோம். மூடினால்? அந்தக் குழாயை நம்பி மூச்சு விடுகிறவர் கதி என்ன? மூட வேண்டுமா, வேண்டாமா? யார் மூடுவது? யாரைக் கேட்டு மூடுவது? இரவு இரண்டு மணிக்கு, புகைக்கு நடுவில், இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தி இதை யோசித்து முடிவெடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். அதைப் பகலில், வெளிச்சத்தில், டாக்டரும் இன்ஜினியரும் சிஸ்டரும் ஒன்றாக உட்கார்ந்து முன்கூட்டியே முடிவு செய்து வைக்க வேண்டும். எந்தெந்தக் கட்டிலுக்குத் தனிச் சிலிண்டர், எந்தக் கட்டிலுக்குக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக், அதை அழுத்த யார், எல்லாரும் தயார் என்று குரல் வந்ததும் வால்வைத் திருப்புவது யார். பெயரோடு எழுதி வைக்க வேண்டும்.

ஆக்சிஜன் குழாயில் ஆக்சிஜன்தான் வருகிறதா என்பது இன்னொரு கேள்வி. சிரிக்காதீர்கள். சிலிண்டர்களில் ஓர் அருமையான ஏற்பாடு உண்டு. ஆக்சிஜன் சிலிண்டரின் தலையில் துளைகள் ஓரிடத்தில் இருக்கும், நைட்ரஸ் ஆக்சைடுக்கு வேறிடத்தில். மாற்றிப் பொருத்தவே முடியாது. ஆனால் குழாய் சுவருக்குள் புகுந்துவிட்டால்? 2016 மே மாதம் இந்தோர் அரசு மருத்துவமனையில், புதிய அறுவை அரங்கில், இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். ஆக்சிஜன் குழாயில் நைட்ரஸ் ஆக்சைடு வந்துகொண்டிருந்தது. 2011இல் நம் நாகர்கோவிலில் கருத்தடை அறுவைக்கு வந்த ஓர் இளம் தாய்க்கு ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரஸ் ஆக்சைடு போனது. நினைவு திரும்பாமலே அடுத்த ஆண்டு இறந்தார். குழாயில் கைவைத்தவர் வேறு, அதைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவர் வேறாக இருக்க வேண்டும். ஒவ்வொரு குழாய் வாயிலிலும் ஆக்சிஜன் அளவுமானியை வைத்துப் பார்த்த பிறகே நோயாளியை உள்ளே விட வேண்டும். சில நிமிட வேலை.

சரி, வார்டுக்குள் வருவோம். மின்சாரம். ஒரு கட்டிலின் தலைமாட்டைப் பாருங்கள். சுவரில் இரண்டு பிளக் பாயின்ட். ஒன்றில் சிரிஞ்ச் பம்ப். இன்னொன்றில் ஒரு வெள்ளை ஜங்ஷன் பாக்ஸ். அதன் ஒயர் கட்டிலுக்கு அடியில் போகிறது. அந்தப் பாக்ஸில் மானிட்டர், நெபுலைசர், உறவினரின் செல்போன் சார்ஜர், பக்கத்துக் கட்டில்காரரின் சார்ஜர், ராத்திரி கஞ்சி சூடு பண்ண ஒரு கெட்டில். கட்டிலின் சக்கரம் ஒயர்மேல் ஏறி நிற்கிறது. காலையில் ஆயா ஈர மாப்பை அந்தப் பாக்ஸின்மேலேயே தள்ளிக்கொண்டு போகிறார். பிளக்கின் ஒரு முனை பழுப்பு நிறமாகியிருக்கிறது. தொட்டால் சுடும். அதைப் பார்த்தவர் யார்? ஆயா பார்த்தார். சிஸ்டரிடம் சொன்னார். சிஸ்டர் இண்டென்ட் எழுதினார். இண்டென்ட் ஆபீசுக்குப் போனது. ஆபீசில் பட்ஜெட் இல்லை. வயர்மேன் வந்து இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டுப் போனார்.

எந்தப் பெரிய விபத்துக்குப் பின்னாலும் இப்படி ஒரு டேப் இருக்கும். முன்கூட்டியே யாரோ ஒருவர் பார்த்திருப்பார். அவர் சம்பளப் பட்டியலில் கடைசியில் இருப்பவராக இருப்பார். அவர் சொன்னது மேலே ஏறியிருக்காது. புகைக்கு ஏற வழி வைத்திருக்கிறோம், ஆயாவின் சொல்லுக்கு வழி வைக்கவில்லை!

கீழிருந்து சொல் ஏறாதது போலவே, மேலிருந்து பாடமும் இறங்குவதில்லை. மும்பையில் 2018 ஜனவரி 27 அன்று நடந்தது தெரியும்தானே? எம்ஆர்ஐ அறை. நோயாளியின் உறவினரான முப்பத்திரண்டு வயது இளைஞர் ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். காந்தம் அவரையும் சிலிண்டரையும் சேர்த்து இழுத்தது. உயிர் போய்விட்டது. மெஷின் அணைந்திருக்கிறது என்று ஊழியர் சொன்னதாக உறவினர்கள் சொன்னார்கள். எம்ஆர்ஐ காந்தம் அணைவதே இல்லை. பகலிலும் இல்லை, இரவிலும் இல்லை, கரண்ட் போனாலும் இல்லை. பூமியின் காந்தப்புலத்தைவிட ஏறத்தாழ முப்பதாயிரம் மடங்கு. இதே மாதிரி ஒரு விபத்து 2001இல் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் நடந்து, ஆறு வயதுச் சிறுவன் இறந்தான். உலகம் முழுக்கப் பாடமாகச் சொன்னார்கள். அந்தப் பாடம் பதினேழு ஆண்டுகளில் ஒரு வார்டுபாய் வரைக்கும் வந்து சேரவில்லை. இன்னொன்றையும் கேளுங்கள்: சிலிண்டரை ஏன் உறவினர் தூக்கினார்? நம் மருத்துவமனைகளில் ஸ்ட்ரெச்சர் தள்ளுவதும் சிலிண்டர் தூக்குவதும் உறவினர் வேலை என்று ஆகிவிட்டது. ஆள் பற்றாக்குறையும் பாதுகாப்புக் குறைபாடுதான்.

தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சென்னைக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையும் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் இருந்த ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்குள் ஆறு புகுந்தது. ஜெனரேட்டர் மூழ்கியது. தீவிர சிகிச்சையில் இருந்த 18 பேர் இறந்தார்கள். காரணம் பற்றி வாதப் பிரதிவாதம் இருந்தது. ஆனால் ஜெனரேட்டரைத் தரைக்குக் கீழே வைக்கக் கூடாது என்பதில் என்ன வாதம் இருக்க முடியும்? ஆயுத பூஜை அன்று நம் ஜெனரேட்டருக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போடுகிறோம். மாதம் ஒருமுறை முழு லோடில் ஓட்டிப் பார்க்கிறோமா? மருத்துவமனைக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள், வயர்மேன் சிரிக்கவில்லை. அவருக்கு விடை தெரியும்.

தீயும் வெள்ளமும் செய்தித்தாளில் வரும். வராதவை எத்தனையோ. குளியலறையில் வழுக்கி விழும் பெரியவர். உள்பக்கமாகத் திறக்கும் கழிப்பறைக் கதவு; அவர் உள்ளே விழுந்துவிட்டால், கதவைத் தள்ள முடியாமல் அவர் உடம்பே தடுக்கும். வெளிப்பக்கமாகத் திறக்கும்படி கீலை மாற்றிப் போடத் தச்சருக்கு அரைநாள் கூலி. ஊசி போட்டுவிட்டு வெள்ளை டப்பாவில் போட வேண்டியதைச் சாதாரணக் குப்பைப் பையில் போட்டுவிடுகிறோம். அது துப்புரவு அம்மாவின் விரலில் ஏறுகிறது. 2025 ஜூலையில் கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரியில் பழைய கழிப்பறைக் கட்டடம் இடிந்து விழுந்து, மகளுக்குத் துணையாக வந்திருந்த ஒரு தாய் இறந்தார். மருத்துவமனையில் நோயாளி மட்டும் இல்லை. துணைக்கு வந்தவரும் நம் பொறுப்புதான்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2020 டிசம்பரில், ராஜ்கோட் மருத்துவமனைத் தீ விபத்துக்குப் பிறகு, உச்ச நீதிமன்றமே சொன்னது: கொரோனா மருத்துவமனை ஒவ்வொன்றும் தீப் பாதுகாப்புக்கு ஒரு பொறுப்பு அதிகாரியை நியமிக்க வேண்டும், மாதா மாதம் தணிக்கை வேண்டும் என்று. விராரும் பரூச்சும் அதற்கு அடுத்த ஏப்ரலிலும் மே முதல் தேதியிலும் நடந்தவை. தரச்சான்றுகள் இருக்கின்றன. என்ஏபிஎச் சான்றில் கட்டடப் பாதுகாப்புக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. அரசு மருத்துவமனைகளுக்குத் தூய்மைக்கான காயகல்ப் பரிசு உண்டு. இவற்றை நான் குறை சொல்லவில்லை. இவை வந்த பிறகு பல மருத்துவமனைகள் மாறியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆய்வுக் குழு பகலில் வருகிறது. வருகிற தேதி ஒரு மாதம் முன்பே தெரிகிறது. அன்று நடைபாதை பளிச்சென்று இருக்கும், பூட்டு காணாமல் போகும், பீரோ மாடிக்குப் போகும். மறுநாள் எல்லாம் இறங்கி வந்துவிடும்.

மாக் டிரில் எப்போது நடத்துகிறோம்? காலை பதினொரு மணிக்கு. தீயணைப்பு வண்டி வரும், சீருடை அணிந்தவர்கள் வரிசையாக நிற்பார்கள், தட்டில் டீசல் ஊற்றிப் பற்ற வைத்து ஒருவர் அணைத்துக் காட்டுவார், புகைப்படம் எடுப்போம், டீ, சமோசா. இரவுப் பணியாளர்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்கள்! தீயைச் சந்திக்கப்போகிறவர்கள் அவர்கள். அவர்களில் எத்தனை பேர் தீயணைப்பானின் ஊசியைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறார்கள்? கையில் பிடித்தால் அது எவ்வளவு கனம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

நிர்வாகிகளிடம் என் வேண்டுகோள் இதுதான். இரவுப் பொறுப்புச் சிஸ்டருக்கு நாலு அதிகாரங்களை எழுத்தில் கொடுங்கள். ஒன்று, யாரையும் கேட்காமல் 101ஐ அழைக்கும் அதிகாரம். முதலில் எம்டிக்குப் போன், அவர் எடுக்கவில்லை, அடுத்து மேனேஜருக்குப் போன், மருத்துவமனைப் பெயர் கெட்டுவிடுமே என்று ஒரு தயக்கம். அந்தப் பத்து நிமிடத்தில்தான் வார்டு புகையால் நிரம்புகிறது. இரண்டு, எந்தப் பூட்டையும் உடைக்கும் அதிகாரம். மூன்று, ஆக்சிஜன் வால்வை மூடும் அதிகாரம். நாலு, நோயாளிகளை இடம் மாற்றும் அதிகாரம். அந்தக் காகிதத்தில் ஒரு வரியைக் கட்டாயம் சேருங்கள்: அவர் எடுத்த முடிவு தவறாகிப் போனாலும், வெறும் பொய் எச்சரிக்கை என்று தெரிந்தாலும், அவர்மேல் நடவடிக்கை இல்லை. அந்த வரி இல்லாமல் மற்ற நாலும் செல்லாது. காவலருக்கும் வயர்மேனுக்கும் அதே போல, அவரவர் மொழியில், ஒரு பக்கத்துக்குள்.

அடுத்த மாக் டிரிலை இரவில் நடத்துங்கள். முன்கூட்டிச் சொல்லாதீர்கள். நோயாளிகளை அசைக்க வேண்டாம். காலிக் கட்டில் ஒன்றைத் தள்ளிப் பார்த்தால் போதும். அந்தக் கட்டில் கதவில் இடிக்கிறதா, திரும்புகிறதா, சாவி எத்தனை நிமிடத்தில் வருகிறது என்பது தெரிந்துவிடும். நிர்வாக இயக்குநரும் அன்று இரவு அங்கே இருக்க வேண்டும், கோட் சூட் இல்லாமல்.

பின் வரிசைத் தோழர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பழுப்பேறிய பிளக்கைப் பார்த்தால் சொல்லுங்கள். ஒரு தரம் சொல்லிக் கேட்காவிட்டால் இரண்டாம் தரம் சொல்லுங்கள். அதற்கும் அசையாவிட்டால் எழுதிக் கொடுத்து நகல் வாங்குங்கள். எழுதத் தெரியாதவருக்கு மாணவிகள் எழுதிக் கொடுங்கள். இன்று இரவுப் பணிக்குப் போகிறவர்கள் இந்த அரங்கில் சிலர் இருப்பீர்கள். பணி ஏற்றதும், வேறு எதையும் தொடுவதற்கு முன்னால், உங்கள் வார்டின் பின்பக்கக் கதவு வரை நடந்துபோய், அது திறக்கிறதா என்று தள்ளிப் பாருங்கள். திறக்கவில்லை என்றால், நாளைக் காலை கண்காணிப்பாளர் அறைக்கு முன்னால் போய் நில்லுங்கள்.